பூவம்மா மாற்றிப் போட்ட தோட்டா

பன்றி தொடையைக் கிழித்த பிறகுதான் மருதப்பனுக்குக் குறி தவற ஆரம்பித்தது. பழியை அவர் தோட்டாவின் மேல் போட்டார்.

1958. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் காவலாளி. மரவள்ளியைக் கிளற வரும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதும் அவர் வேலைதான். இன்னொரு முறை குறி பிசகினால், அடிபட்ட பன்றி நேரே அவர்மேல் பாயும். அந்த நினைப்பில் மனைவி பூவம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பால் டின்னை வைத்துக் குறி பழகுவதற்கும் வேட்டைக்கான விலை கூடிய தோட்டாவே வேண்டும் என்று நகரத்துத் துப்பாக்கிக் கடையில் மருதப்பன் பிடிவாதம் பிடித்தார். கடைக்காரர் சாகுல் ஹமீது மலிவுப் பெட்டி ஒன்றை நகர்த்தி வைத்தார்.

"பழக இது போதும்ணே. குண்டு எடை ரெண்டுலயும் ஒண்ணுதான். பால் டின்னுக்குப் போய் விருந்து வைப்பீங்களா லா?"

மருதப்பன் மலிவுப் பெட்டியோடு திரும்பினார். மண்மேட்டில் வைத்த பால் டின் அசையவேயில்லை. சாகுல் ஹமீதை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

காலித் தோட்டாக்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் தோட்டத்தில் புதியது வாங்க அனுமதி கிடைக்கும். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கவும், ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுக் கொடுக்கவும் பூவம்மா கூட வருவாள். சத்தம் கேட்கும் முன்பே அவர் கண் மூடுவதை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் சொல்லாமல் ஒரு காலித் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை நீட்டினாள்.

விசையை இழுத்தார். 'டிக்'. வெடிக்காத துப்பாக்கியின் முனை சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது.

பூவம்மா காலித் தோட்டாவை எடுத்துக் காட்டினாள். "இதுல மருந்தே இல்லைங்க. குனிஞ்சது உங்க கைதான்."

அவர் அதைக் கையில் வாங்கினார். "பயமா இருக்கு, பூவு."

"எனக்கும்தான். அதனாலதான் கூடவே நிக்கிறேன்."

அன்றிலிருந்து எது மருந்துள்ளது, எது காலி என்று அவருக்குச் சொல்லாமலே போட்டுக் கொடுத்தாள். மலிவுப் பெட்டி மாதக்கணக்கில் வந்தது. மெல்ல முனை குனிவது நின்றது, டின் உருண்டது. பிறகு விலை கூடிய தோட்டாவிலும் சுட்டுப் பார்த்தார். அதுவும் அதே இடத்தில் பட்டது.

ஒரு விடியலில் மரவள்ளிப் பக்கம் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் வருமோ என்று கையில் கரண்டியோடு பூவம்மா வாசலிலேயே நின்றாள். வரவில்லை. மருதப்பன்தான் வந்தார்.

பன்றி விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை. குனிந்து, அவர் கால்கள் இரண்டையும் பார்த்தாள். பிறகு காப்பி கலக்க உள்ளே போனாள்.