எழுபத்தைந்தில் நின்ற எண்

மண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், கார் பாகங்களைக் கழுவும் காஸ்டிக் சோடாத் தொட்டியை நிரப்பியவர் ஒரு தென்காசிக்காரர். காண்ட்ராக்ட் ஆள், இருங்காட்டுக்கோட்டையில் என் அறைவாசி. ஒரு திங்கட்கிழமை தொட்டி வழிந்து தரையெல்லாம் வெள்ளம். சூப்பர்வைசர் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"தூங்கினியா, சரக்கா?"

"ரெண்டுமில்ல சார். நம்பர் எழுவத்தஞ்சுலயே நின்னுட்டு. அலாரமும் அடிக்கல."

"மூணு எடத்துல டிஸ்ப்ளே கீது. மூணுமா பொய் சொல்லும்?"

பானல், ரெக்கார்டர், மேனேஜர் அறையில் புதிதாக மாட்டியது. மூன்றும் தொட்டி எழுபத்தைந்து சதவீதம் நிறைந்ததாகத்தான் காட்டியிருந்தன. அலாரம் தொண்ணூறில் அடிக்க வேண்டும்.

"ஏரிய மூடிக் கட்னாங்கல்ல, அது தண்ணி கேக்குதுபா," என்று டிராலிக்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டிப்ளமா வாங்கி இங்கே மீட்டர் வேலை பார்ப்பவன் பேய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வடித்துவிட்டு இன்னொரு தடவை நிரப்பிப் பார்க்கலாம் சார் என்றேன். "சாப்பாட்டு மணிக்குள்ள முடி. இல்லன்னா அவன் கெளம்பட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

பம்பு ஓடியது. எண் ஏறிக்கொண்டே வந்து எழுபத்தைந்தில் நின்றது. குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது, தொட்டிக்குள் கொட்டும் சத்தம் கேட்டது.

ஏணி மேலிருந்து தொட்டியை எட்டிப் பார்த்துத் தென்காசிக்காரர் கத்தினார்: "இன்னும் ஏறுதுடே தம்பி!"

தொட்டியின் அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் மல்டிமீட்டரை வைத்தேன். இருபத்து நாலு வோல்ட் சப்ளையில் அதற்குப் பன்னிரண்டுதான் மிச்சம். பன்னிரண்டுக்குக் கீழே போனால் டிரான்ஸ்மிட்டரால் வேலை செய்ய முடியாது. டிரான்ஸ்மிட்டரும் மூன்று டிஸ்ப்ளேக்களும் ஒரே கம்பியில் வரிசையாக இருந்தன. தொட்டி நிறைய நிறைய அது அனுப்பும் கரண்ட் கூடும், டிஸ்ப்ளேக்கள் அந்தக் கரண்டைத்தான் எண்ணாகக் காட்டும்; கரண்ட் கூடக் கூட ஒவ்வொரு டிஸ்ப்ளேயும் அதிக வோல்ட்டைத் தின்னும். மூன்றாவது வந்ததும் முக்கால் தொட்டிக்கு மேல் டிரான்ஸ்மிட்டருக்கு வோல்ட் பற்றவில்லை. கரண்ட் அதற்குமேல் ஏறாததால் மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லின.

ஞாயிறு லைன் நிற்கும் நாள். மேனேஜர் டிஸ்ப்ளே உட்பட, புது வயரிங் எல்லாம் அன்றைக்குத்தான். அன்று தொட்டியையும் வடித்துவிடுவோம். காலித் தொட்டிக்குக் கரண்ட் குறைவு, எல்லாம் சரியாகவே காட்டும். அதைப் பார்த்துத்தான் ஓகே சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் டிஸ்ப்ளேயின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து அதைக் கரண்டின் வழியிலிருந்து விலக்கினேன். பானலில் எண் எழுபத்தைந்திலிருந்து ஒரே தாவலில் தொண்ணூற்றைந்துக்குப் போனது. அலாரம் அலறியது. பம்பை நிறுத்தினேன்.

"மேனேஜர் டிஸ்ப்ளே எங்கன்னு கேப்பாரே... செரி, வோல்ட் கூட இருக்குற வேற சப்ளை போட்டுக்கலாம்," என்று சூப்பர்வைசர் கேட் பாஸை நீட்டினார்.

தென்காசிக்காரர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பானலையே பார்த்தார்.

"இப்பச் சொல்லுதது மட்டும் நெசமாடே?"

"நெசம்தாண்ணே."

தலையாட்டிவிட்டு, தொட்டியைக் கண்ணால் பார்க்க மறுபடி ஏணியில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.