வராத சஞ்சிகைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி

எங்கள் விஞ்ஞான நூலகத்தின் பிரதம நூலகர் திடீரென்று ஆராய்ச்சியாளராகிவிட்டார். பதவி உயர்வுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டியிருந்தது. வேறு நோய் ஒன்றும் அவருக்கு இல்லை. உதவியாளரான எனக்கு நிரந்தர நியமனம் வேண்டியிருந்தது. அதற்குச் சிபாரிசு எழுத வேண்டியவரும் அவர்தான்.

விஞ்ஞான நூலகங்களைப் பற்றி உலகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது கட்டுரையின் பொருள். தட்டில் இருந்த சஞ்சிகைகளைப் பிரித்து, நூலகங்களில் கணினி பற்றி ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் என்று நான் எண்ணிக் கொடுத்தேன். எண்பத்தொன்பது வரை தொகை ஏறிக்கொண்டே போனது. தொண்ணூறில் சண்டை தொடங்கி, தெற்கே போகும் பாதை பூட்டியதும் வெளிநாட்டுத் தபால் நின்றது. தொகையும் விழுந்தது. அந்த வீழ்ச்சியை அவர் வரைபுத்தாளில் சிவப்பு மையால் கீறி, உலகத்துக்குக் கணினி அலுத்துவிட்டது, எல்லோரும் அட்டைப் பட்டியலுக்குத் திரும்புகிறார்கள் என்று முடிவு எழுதினார்.

"சேர், சஞ்சிகை வராததாலைதானே உது குறைஞ்சது?" என்றேன்.

"பிள்ளை, கையிலை இருக்கிறதை வைச்சுத்தான் ஆராய்ச்சி. வராததை எப்பிடி எண்ணுறது?"

நூலகத்தில் கூட்டிய ஆய்வுக் கூட்டத்தில் அவர் கட்டுரையை வாசித்தார். மின்சாரமே இல்லாத ஊரில் அந்த முடிவு எல்லோருக்கும் இனித்தது. படித்த பெரியமனிதர்கள் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்து, நல்ல ஆய்வு என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் தூரத்து நெல்லியடியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர் மட்டும் கிழமைக்கு ஒருதரம் சைக்கிள் மிதித்து வருவார். கடலோரக் களப்பு நண்டுகளைப் பற்றித் தன்பாட்டில் ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். ஒரேயொரு கடலியல் சஞ்சிகைதான் கேட்பார்.

கூட்டம் முடிந்த அடுத்த மாதம், கப்பலில் மூன்று தபால் சாக்குகள் வந்தன. தேங்கிக் கிடந்த சஞ்சிகைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. நூலகவியல் சஞ்சிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் கணினி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எட்டிப் பார்த்த பிரதம நூலகரின் முகம் கறுத்தது.

"கட்டுரை அச்சிலை இருக்கு. அது வருமட்டும் உதுகள் ஒண்டையும் பதியாதையும். பின்னறைக்குள்ளை வைச்சுப் பூட்டும். உம்மடை சிபாரிசும் என்ரை மேசையிலைதான் கிடக்கு."

பூட்டினேன். இரண்டு நாளில் ஆசிரியர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏதும் வந்ததோ, தங்கச்சி?"

"இல்லை சேர், வரேல்லை."

அவர் கேட்டது இரண்டாவது சாக்கில் மேலாகவே கிடந்தது. நான்தான் அதை அங்கே வைத்தேன். "பரவாயில்லை, அடுத்த கிழமை வாறன்" என்று சொல்லி அவர் வெயிலுக்குள் இறங்கினார். பிரதம நூலகரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இளக்காரம்தான். ஆனால் அந்த "வரேல்லை"யைச் சொன்ன வாய் அவருடையதல்ல.

அந்தக் கிழமையே என் நியமனம் உறுதியானது.