ஒரு சக்கரத்தின் தடம்

செவ்வாய்க்கிழமை காலை மணி ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது டிராக்டர் அல்ல... செம்மண்ணில் நீளமாக இழுபட்டிருந்த ஒரு சக்கரத்தின் தடம். ஒன்றே ஒன்று.

தடம் முடிந்த இடத்தில் சுவர். சுவருக்குள் டிராக்டரின் மூக்கு.

அருள்புரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பனியன் கம்பெனியின் சுவர் அது. டிராக்டரும் கம்பெனி ஓனர் சென்னியப்பனுடையதுதான். பழைய வண்டி. விடிந்ததும் அவர் தோட்டத்தில் உழும். பிறகு தண்ணீர் டேங்கர் இழுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், எட்டு மணி ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் சைக்கிள் நிறுத்தும் இடம். ஏழு பத்து என்பதால் சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை.

டிரைவர் செல்லையா அடிபடாமல் பக்கத்தில் நின்றார். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு இருப்பது சென்னியப்பனின் லைன் வீட்டில்.

டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. உழும்போது சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் ஒரு தகட்டால் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் இடது பெடலை மட்டும் மிதித்தால்? வண்டி இடப்பக்கம் பாயும். சுவர் இடப்பக்கம்தான் இருந்தது.

"உழுதுபோட்டு பூட்டாம வந்துட்ட. அதானப்பா?" என்றார் சென்னியப்பன்.

"பூட்டித்தான் வந்தேன் மொதலாளி. எடப்பக்கம் இழுக்குன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டுதான இருக்கேன்."

"இத்தன வருசமா எங்கிட்ட இழுக்காத வண்டி உங்கிட்ட மட்டும் இழுக்குதாக்கு? சாவியக் குடு. ஊட்டையும் காலி பண்ணிக்கப்பா."

கத்தவில்லை. 'அப்பா' போட்டுத்தான் சொன்னார். செல்லையா சாவியைக் கொடுத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். பெடல்கள் பூட்டியே இருந்தன. சொன்னேன்.

"இடிச்சதுக்கப்பறம் எறங்கி நின்னு பூட்டியிருப்பானுங்க" என்றார் சென்னியப்பன்.

மிஸ்டு கால் கொடுத்த அரை மணியில் மெக்கானிக் நடராஜ் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். டிராக்டரைப் பின்னுக்கு இழுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். பூட்டிய பெடல்களைச் செல்லையா மிதிக்க, சக்கரங்களைக் கையால் தள்ளினார். இடது அசையவில்லை; மண்ணில் இழுபட்ட தடம் அதனுடையதுதான். வலது சுற்றியது.

"ராட்னமாட்டச் சுத்துதுங்க" என்றார்.

வலது பிரேக் ராடை இறுக்கினார். மறுபடி மிதி. மறுபடி சுற்றியது. சரி, கழற்று. வலது டிரம்மைத் திறந்தால் உள்ளே, உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் முழுக்க ஆயில். பின்னால் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. கடைசியில் ஒரு முழுக்கை பனியனின் முழுக்கை வந்தது.

எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் செய்யாத வேலை உண்டா? மெஷின் துடைக்கும், ஒழுகும் குழாயை அடைக்கும், ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுக்கும். ஆனால் பிரேக்குக்குள்?

"ஆருங்க இத வெச்சது?"

நடராஜ் அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஆயில் சீல் கசிஞ்சுதுங்க..." என்றார் சென்னியப்பன். "உறிஞ்சிக்கட்டுமேன்னு நாந்தான் கழட்டி வெச்சனுங்க. செல்லையா கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப."

"நல்லாவே உறிஞ்சிருக்குதுங்க. உறிஞ்சி லைனிங்குக்கு ஊட்டி உட்டுருச்சு. அப்பறம் வலது எங்கீங்க புடிக்கும்?"

"அசல் காட்டனுங்க" என்றார் சென்னியப்பன், மெதுவாக.

செல்லையா சிரிக்கவில்லை. சாவிக்குக் கை நீட்டவும் இல்லை.

ஒரு வண்டி கெட்டால் நாம் முதலில் கழற்றுவது அதை ஓட்டியவரைத்தான். அதற்கு ஸ்பேனர் தேவையில்லை பாருங்கள்...

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். பிறகு செல்லையாவை.

"டீ குடிச்சியாப்பா?"

"இல்ல மொதலாளி."

"குடிச்சுட்டு வா. சாவி சீட்டு மேல இருக்குது."

வீட்டைப் பற்றி அதன்பிறகு பேச்சு எழவில்லை.

மறுநாள் புது சீலும் லைனிங்கும் போட்டார்கள். அதே மண்ணில் செல்லையா ஓட்டிவந்து பிரேக் அடித்தார். சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

தடம் இரண்டு.