டம்மி நம்பருக்குப் பின்னால் ஒரு பிள்ளை

விடைத்தாள் திருத்தும் முகாமில் மாணவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு, வேறொரு எண்ணைப் போட்டு எங்களிடம் அனுப்புவார்கள். டம்மி நம்பர் என்று சொல்வோம். சொந்தக்காரப் பிள்ளைக்கு அள்ளிப் போடக் கூடாது, பிடிக்காத பிள்ளையைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதற்கு நானே பல வருடங்கள் வக்காலத்து வாங்கியிருக்கிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர்; கௌரவம் பெயரோடு சரி. நான் எடுக்கும் தாளில் இரண்டு நாவல்கள் உண்டு. ஒன்றில், வாழ்வதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்த ஒருவன், அதற்குப் பிறகும் தினமும் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருப்பான். இன்னொன்றில், அரசாங்கம் ஆட்களை எண் போட்டு வைத்துக்கொண்டு ராப்பகலாகக் கண்காணிக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைக் கேட்டுத் தூங்கி வழிவார்கள். மீதிப் பேர் கைடு வாங்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அதனால் ‘கதாநாயகனின் வெறுமை உணர்வை விவரி’ என்ற கேள்விக்குக் கட்டுக் கட்டாக ஒரே பதில் வரும். கைடில் இருக்கும் எழுத்துப்பிழைகூட மாறாது. வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று எழுதி, ஸ்கேல் வைத்து அதற்கு அடியில் கோடு வேறு போட்டிருப்பார்கள். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வரும். பக்கத்து மேசைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணாலேயே நீளத்தை அளந்து மார்க் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு கோடை முகாமில், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ஒரு தாளும் கைடில் உள்ளபடியேதான் தொடங்கியது. இரண்டாவது பத்தியில் ஆங்கிலம் நின்றுபோய்த் தமிழ் வந்தது. ‘அந்தக் கதாநாயகனைப் போலத்தான் எனக்கும் அழுகை வரவில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் எதற்கு இருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை. இந்தப் பரீட்சைக்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் வேண்டாம். முடிவு செய்துவிட்டேன்.’ அவ்வளவுதான். அடுத்த கேள்விக்கு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஆங்கிலத்தில் பதில்.

பரீட்சை முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், இப்போது இருக்கிறதா இல்லையா, எதுவும் தெரியாது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். மார்க்குக்காக என்னவெல்லாமோ எழுதுவார்கள், பாஸ் போட்டுவிட்டு அடுத்த கட்டை எடுங்கள் என்றார். நான் தாளைத் தூக்கிக்கொண்டு முகாம் அதிகாரியிடம் போனேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டம்மி நம்பரை நானும் திறக்க முடியாது, நீங்களும் திறக்க முடியாது என்றார். போலீசுக்குப் போனாலும் யார் எவர் என்று கேட்பார்கள், என்ன சொல்வது. யோசித்துவிட்டு ஒரே ஒரு வழி சொன்னார். தேர்வு எழுதுகிறவர் திருத்துகிறவரிடம் சொந்தக் கதை சொல்வது முறைகேடு. காப்பி அடிப்பதும் அதுவும் ஒரே விதியில் வரும். முறைகேடு என்று நான் புகார் கொடுத்தால் பல்கலைக்கழகம் எண்ணைத் திறந்து, பெற்றோருடன் விசாரணைக்குக் கூப்பிடும். கூப்பிட்டால் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

“ஆனா அந்தப் பருவத்துல எழுதுன எல்லாத் தாளையும் ரத்து பண்ணிருவாங்கம்மா. யோசிச்சுக்கங்க” என்றார்.

மனிதன் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். எழுதிப்போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புகாரில் கையெழுத்துப் போட்டேன். தயவுசெய்து சீக்கிரம் கூப்பிடுங்கள் என்று கீழே எழுதப் போனேன். அதற்கெல்லாம் இடமில்லை என்று தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பேப்பரின் மாவட்டச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தேன். எந்தப் பிள்ளை செத்த செய்தி வந்தாலும், இதுதானோ என்று வயதைத் தேடுவேன். திருமயம் பக்கம் கிணற்றில் ஒரு பெண் என்று ஒரு நாள் வந்தது. வயது ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டேன். யாரோ பெற்ற பெண் செத்ததற்கு நிம்மதிப் பெருமூச்சு. அந்த அளவுக்கு ஆகிப்போனேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. புகார் கொடுத்தவள் என்ற முறையில் நானும் போனேன். வராந்தா பெஞ்சில், வெள்ளை வேட்டிச் சட்டையில் இருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. உயிரோடு இருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.

முறைகேடு என்பதைத் தவிர வீட்டுக்குப் போன கடிதத்தில் எதுவும் இல்லை போலிருக்கிறது. பிட் அடித்த கேஸ் என்று நினைத்து வந்திருந்த அப்பா, உள்ளே நுழைந்ததும் கையைக் கூப்பிக்கொண்டு, எம்புள்ள அப்படிப்பட்ட புள்ள இல்லைங்க என்று தொடங்கினார். விசாரணைக் குழுவில் ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்து நிதானமாக, உரக்கப் படித்தார். கூப்பிய கை அப்படியே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஏன் எழுதினாய் என்று அவளைக் கேட்டார்கள்.

“யாரும் படிக்க மாட்டாங்கன்னுதான் எழுதுனேன் சார். சும்மா நீளத்தப் பாத்துத்தான் மார்க்கு போடுவாங்க, பேருகூடத் தெரியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கிட்டாச்சும் ஒருதரம் சொல்லிரணும்போல இருந்துச்சு. எழுதுனதும் பாரம் கொறஞ்சிருச்சு. வீட்டுக்குப் போயிச் சோறு தின்னேன். அப்பறம் அந்த நெனப்பே வரல.”

அவள் அந்தச் சாவை ஒரு பக்கத்தில் எழுதி, யாருக்கும் எட்டாத இடம் என்று நம்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதைத் தோண்டி எடுத்து, அவளுடைய அப்பாவின் மடியில் போட்டுவிட்டேன்.

தாள்கள் ரத்து என்று தீர்ப்பானது. அடுத்த வருடம் மறுபடி எழுதலாமே என்று வெளியே வந்ததும் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. “படிப்பெல்லாம் வேணாங்கம்மா. புள்ள உசுரோட இருந்தாப் போதும். இனி ஒரு நிமிசம் தனியா விட மாட்டோம்” என்றார். சொன்னபடியே செய்கிறவர் என்று முகத்தில் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் கையெழுத்துப் போட்டதும் அதே காரணத்துக்குத்தானே. இன்றைக்கு அப்படி ஒரு தாள் வந்தாலும் போடுவேன். போடாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் பத்தடி தள்ளி நின்று தண்ணீர் குடித்தார், கண்ணை மட்டும் மகளிடமிருந்து எடுக்கவில்லை. அவள் என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“மேம், நீங்கதான படிச்சீங்க? அந்தப் பதிலுக்கு மார்க்கு போட்டிருந்தா எவ்வளவு போட்டிருப்பீங்க?”

பதினைந்துக்குப் பதினாலு என்றேன். பொய் இல்லை. அந்தக் கட்டிலேயே கேள்வியைப் புரிந்துகொண்டு எழுதிய பதில் அது ஒன்றுதான்.

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“அப்ப பாஸாயிருப்பேன்” என்றாள்.

“ஆத்தா, இங்கிட்டு வா” என்று அப்பா கூப்பிட்டார். போய்விட்டாள்.