டிரம்முக்குள் தலையணை

அக்கா பெரிய டிரம்மின் முன்தோலைக் கழற்றி உள்ளே தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள். அது இல்லாவிட்டால் டிரம் காலி அண்டா மாதிரி அலறும். இருந்தால்தான் அடி நெஞ்சில் 'டப்' என்று விழும். தலையணை தம்பியுடையது. பாட்டுக்குழு தொடங்கிய அன்று படுக்கையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவன், அதன்பிறகு பழைய சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறான்.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை அவளுக்கு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து உரமேறிய கை. கித்தார் வாசிக்கும் எலக்ட்ரீஷியன் அவளுக்கு 'இடி' என்று பேர் வைத்தான். அவனுக்கு அவள் வைத்த பேர் 'கரண்ட்'.

குழுவின் பேர் 'துரு'. கரண்ட்டின் ஒர்க்‌ஷாப்பில், ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பயிற்சி. பாடுவது தம்பி. ஒருவருக்கும் சங்கீதம் தெரியாது.

"பங்க் ராக் பாட்டுக்கு நிறைய கோபமும் கித்தார்ல மூணு கார்டும் இருந்தா போதும்க்கா" என்றான் தம்பி.

"கோபம் இருக்கு. கார்டு எங்கடா?"

"ரெண்டு எனக்குத் தெரியும். மூணாவதை கரண்ட் கத்துக்குவான்."

முதல் பாட்டு, அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஓடாமல் கிடந்த லிஃப்டைப் பற்றியது. "ஏறு, ஏறு, ஏறு" என்பதைத் தவிர அதில் பெரிதாக வரிகள் கிடையாது. தண்ணீர் கேனோடு மாடி ஏறுகிறவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே அதைப் பாட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மானம் போய் லிஃப்டைச் சரிசெய்தார்.

"போச்சு. இனி வேற கோபம்தான் தேடணும்" என்றான் கரண்ட்.

கோபத்துக்கா பஞ்சம்? பாட்டுகள் பெருகின. கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். 'துரு' என்று எழுதிய சட்டையை முன்பின் தெரியாதவர்கள்கூடப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இப்போது வேன் வைத்து ஊர் ஊராகப் போகிற பெரிய வாய்ப்பு. தம்பி அச்சக வேலையை விட்டுவிட்டான்.

அந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஸ்பீக்கர் அவன் காதோரம்தான் நின்றது. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன பொணமா?" என்பான். அவள் மட்டும் வைத்துக்கொண்டாள்.

அன்று ஒரு பழைய கிடங்கில் நிகழ்ச்சி. நல்ல கூட்டம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் குச்சிகளை நான்கு தட்டு தட்டுவாள். அதைக் கேட்டுத் தம்பி ஆரம்பிப்பான். ஒரு பாட்டு முடிந்ததும் வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முழங்கையைத் தூக்கினாள். தட்டவே இல்லை. தம்பி பாய்ந்து பாட ஆரம்பித்துவிட்டான்.

கூட்டம் அதைப் புது வித்தை என்று நினைத்து விசிலடித்தது. அவள் தன் முழங்கையைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக அவன் அவள் பக்கம் பார்த்துப் பக்கவாட்டில் நின்று பாடுவதை ஸ்டைல் என்று நினைத்திருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும், ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். "டேய், உன் சட்டை கிழிஞ்சிருக்கு."

அவன் திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னாள். அதற்கும் இல்லை. தோளைத் தொட்டாள்.

"என்னக்கா! கூட்டம் பாத்தியா?"

"எவ்வளவு நாளா என் முழங்கையைப் பாத்து பாடுறே?"

அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "காதுக்குள்ள விசில்க்கா. நிக்கவே மாட்டேங்குது. ஊரெல்லாம் சுத்திட்டு வந்து சொல்லலாம்னு..."

"நான் வரல."

கரண்ட் பதறினான். "இடி, விளையாடாதே. வேன்காரன்கிட்ட சொல்லியாச்சு. நீ வராட்டி வேற ஆள் பாப்போம்."

"பாரு. இவன் அந்த ஆளோட முழங்கையையும் பழகணும். பழகுறதுக்குள்ள மிச்சக் காதும் போயிடும்."

கரண்ட் தம்பியைப் பார்த்தான். "பக்கத்துலயே நின்னேனேடா, எனக்குத் தெரியலையேடா" என்றான். குனிந்து ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை மடித்துப் பைக்குள் போட்டான். துரு அத்துடன் முடிந்தது.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பி நிற்பவனிடம் என்ன சொல்லி என்ன? அவள் சுற்றிப்போய் முன்னால் நின்றாள்.

"பாடாட்டி நான் யாருக்கா?"

"என் தம்பி. மூக்கைத் துடைச்சிட்டு வண்டியில ஏறு."

மறுநாள் காலை அவள் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு விடுப்புச் சொன்னாள். டிரம்மைத் திறந்து தலையணையை வெளியே இழுத்தாள். நடுவில் பள்ளம் விழுந்து, அடை மாதிரி தட்டையாகியிருந்தது. உறையை ஊறவைத்துவிட்டு, தலையணையை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு டிரம் குச்சியால் அடித்தாள். புழுதி பறந்தது.

படியில் உட்கார்ந்திருந்த தம்பி அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "லிஃப்ட் பாட்டுதானே அது?" என்றான்.

தான் அடிப்பது அந்தப் பாட்டின் தாளம் என்று அவளே கவனித்திருக்கவில்லை. கை தானாகப் போட்டுக்கொண்டிருந்தது. "காது டாக்டர் வந்திருப்பாரு, கிளம்பு" என்றாள், அடித்துக்கொண்டே.

பிறகு குச்சியை வைத்துவிட்டு, முகத்தை அவன் பக்கம் திருப்பி, அதையே இன்னொரு தடவை சொன்னாள்.