ஓலாவுக்குப் பிறகு

எண்பதுகளில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்த்த செம்பனையைப் பார்க்கத் தென்னமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நரைத்த மீசை, வெயிலில் வெந்த கழுத்து. புல்வெட்டும் பெண்ணிடம் பேசினாலும் முதலில் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவர் வருகிறார் என்றதும் ஒரு பாக்கெட் புத்தகம் வாங்கி, ஸ்பானிஷில் பேச்சைத் தொடங்குவது எப்படி என்ற முதல் பக்கத்தை மட்டும் நெட்டுருப் போட்டிருந்தேன். பெருமைதான், வேறென்ன? "ஓலா! கோமோ எஸ்தா?" என்று வணக்கம் சொல்லி நலம் விசாரித்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு மளமளவென்று பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. துரை எது சொன்னாலும் "யெஸ் சார்" போட்டுப் பழகிய தலை. சிரித்தபடியே, ஆமாம் ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "சி, சி" என்று ஆட்டினேன். கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். அதற்கும் சிரித்துக்கொண்டே "சி" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு நடந்துவிட்டார்.

ஜீப் ஓரம் நின்றிருந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் என்னிடம் வந்தார். "அவ்ளோ நேரம் என்னா பேசனாரு, ஐயா?"

"மரத்தப் பத்திதான்லா."

"மரத்தப் பத்திப் பேசிட்டா கண்ணத் தொடச்சிக்கிட்டு வந்தாரு?"