அத்தை கார் கழுவிய வாரம்

எங்கள் குடும்பத்தில் பிடிவாதக்காரர் என்ற பட்டம் பல காலமாகப் பெரியப்பாவிடம்தான் இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர். நான்காவது காலை யாராவது காட்டினால், காட்டியவர் மீதுதான் கோபம் வரும். அந்தப் பட்டத்தை அத்தை ஒரே வாரத்தில், வாளியும் கையுறையுமாக நின்று, அவரிடமிருந்து பறித்துக்கொண்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால் முழுக் காட்சியையும் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து என் அறையில் தங்கியிருந்தார். மாமாவுக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிவிட்டது. அவருடைய சிறிய வெள்ளைக் கார் அன்று வீட்டு வாசலில்தான் நின்றிருந்தது. அது ஒரு பாவமும் அறியாதது. ஆனாலும் அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை ஏற்றிப் பூட்டி, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டார்கள். பினாங்கு மழையும் புழுக்கமும் சும்மா இருக்குமா? இருக்கைகளில் பூஞ்சை படர்ந்து, கதவைத் திறந்தாலே ஈரத் துணி மூட்டையை அவிழ்த்தது போல ஒரு வாடை அடித்தது.

பெரியப்பா அந்தக் காரை வாங்கத் தாசேக் கெலுகோர் என்ற ஊரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. அத்தையோ விற்க மாட்டேன் என்றார். கைப்பேசியில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார்களைப் போல, தானே இதை ஓட்டிப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“இந்த நாத்தத்துல எவன்மா வந்து ஏறுவான்?” என்றார் பெரியப்பா.

“நாத்தம் போயிட்டா?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள போகட்டும், அப்புறம் பாக்கலாம் லா.”

பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்கும்போது பெரியவர்கள் சொல்கிற ‘பாக்கலாம்’தான் அது. ஆனால் அத்தை அதை நீதிமன்றத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். மறுநாளே கார்ச் சாமான் கடைக்குப் போய், சகலத்தையும் சுத்தம் செய்யும் திரவம் ஒரு கேன் வாங்கி வந்தார். சும்மா ஊற்றித் தேய்க்கிற சமாச்சாரம் இல்லை அது. அப்படியே ஊற்றினால் பிளாஸ்டிக் வெளுக்கும், துணி கெடும், கையும் எரியும். தண்ணீர் கலந்துதான் தொட வேண்டும். இருக்கைக்கு ஒரு பங்கு மருந்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர். அழுக்கேறிய சக்கரத்துக்கு நாலு பங்கு. கேனில் இருந்த மலாய் எழுத்துகளை அத்தை எனக்கே மனப்பாடம் ஆகும்வரை வாய்விட்டுப் படித்தார்.

அளவு பார்க்க அவருக்கு அகப்பட்டது என் தம்பியின் பழைய பால் போத்தல்.

அம்மா பதறிப்போனார். “பிள்ள பால் குடிச்ச போத்தல் லா அது.”

“கோடு கோடா அளவு போட்டிருக்கு அண்ணி. இனிமே இது காடியோட போத்தல். சமையக்கட்டுக்குத் திரும்பி வராது.”

எங்கள் பேச்சில் காடி என்றால் கார். சொன்னபடியே அதன் ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடம்பு முழுக்கக் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். தெளிப்பதற்கு இரண்டு போத்தல்கள் தயாராயின. ஒன்றில் ‘சீட்டு’, மற்றதில் ‘டயர்’ என்று எழுதி, இரண்டிலும் மண்டையோடு வரைந்தார். எங்கள் வீட்டில் அது மிகவும் தேவைதான். போத்தலில் எது இருந்தாலும் என் அப்பா மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பார். மண்டையோடு பெரியப்பா மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாயை மூடு என்றார். மாமா போன பிறகு அவர் சிரிக்க நான் பார்த்தது அன்றுதான், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை தொடங்கியது. எனக்கு நுரை பொங்க வேண்டும், தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அத்தையோ காரை நிழலுக்குத் தள்ளி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, வெயிலில் காய்ந்த தகடு ஆறும்வரை காத்திருந்தார். முகமூடி போட்டார். முதலில் யார் கண்ணிலும் படாத இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையைத் துடைத்து, நிறம் போகிறதா என்று பார்த்தார். பொத்தான்கள் இருக்கும் இடத்தில் நேராகத் தெளிக்காமல், துணியில் தெளித்துத் துடைத்தார். மருந்து காய்வதற்குள் ஒற்றி எடுத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் மறுபடி மறுபடி துடைத்தார். கல்யாணமே முடிந்திருக்கும், இவர் ஒரு கதவை முடிக்க மாட்டார்.

அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. பூஞ்சைக்குக் கொஞ்சம் பிளீச்சும் சேர்த்து ஊற்றினால் சட்டென்று போகுமே என்று யோசனை சொன்னார்.

“ரெண்டையும் கலந்தா நெஞ்ச அடைக்கும் அண்ணி. காடி சுத்தமாயிரும். ஓட்டுறதுக்கு நான்தான் இருக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை வாக்கில் வாடை ஏறக்குறையப் போயிருந்தது. மிச்சம் இருந்தது முன்பக்கப் பயணி இருக்கை மட்டும். அதன் மீது எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் கையகல மஞ்சள் கறை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த வருடம், மாமா வாங்கி வந்த மஞ்சள்தூள் பொட்டலம் அங்கே வெடித்துக் கொட்டியதாம். அதை மட்டும் அத்தை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மாலை பெரியப்பாவும் பெரியம்மாவும் மேற்பார்வைக்கு வந்தார்கள். வேலை முடிந்து வந்த அப்பாவும் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி கூட நின்றார். அண்ணன் எதிரில் அப்பா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா குனிந்து முகர்ந்து, குறை கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அத்தை துண்டை எடுத்துவிட்டு, கைக்கு வந்த போத்தலை எடுத்து மஞ்சள் கறை மீது தெளித்தார்.

கறை சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குபுகுபுவென்று ரத்தச் சிவப்பாகி, இருக்கையின் விளிம்பில் வழிந்து சொட்டியது.

பெரியம்மா என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். “ரத்தம்” என்றார், மூச்சுக்குள்ளேயே. “அவரு இன்னும் போகல, இதுலதான் இருக்காரு.”

“போதும்மா,” என்றார் பெரியப்பா. அவர் குரலே இறங்கியிருந்தது. “நாளைக்கி வர்ற ஆளுகிட்ட குடுத்து அனுப்பிரு. இத வெச்சிக்கக் கூடாது.”

அத்தையும் பயந்துவிட்டார். ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஓடவில்லை. சிவப்பைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த போத்தலைத் திருப்பிப் பார்த்தார். ‘டயர்’ என்று அவரே எழுதியது இருந்தது.

“மேல போயி அம்மாகிட்ட கொஞ்சம் மஞ்சத்தூள் வாங்கிட்டு வா,” என்றார் என்னிடம்.

காகிதத் தட்டில் மஞ்சளைக் கொட்டி, எல்லோருக்கும் தெரியும்படி அந்தப் போத்தலால் ஒரு முறை தெளித்தார். தட்டும் சிவந்தது.

“அண்ணி, ஆரத்தி கரைக்கிறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு போடுவீங்கள்ல. என்ன கலர் வரும்?”

எங்கள் சொந்தத்தில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் ஆரத்தி கரைத்த கை பெரியம்மாவுடையது.

“அதேதான் இது. இந்த மருந்தும் சுண்ணாம்பு குணந்தான். நான்தான் அவசரத்துல டயரு போத்தல எடுத்துட்டேன்.”

பெரியப்பா தட்டையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை வெறும் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்ற ஒற்ற, சிவப்பு வெளிறிப் பழைய மஞ்சளுக்கே திரும்பியது. அதன் பிறகு சரியான போத்தலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்போது பெரியம்மா பேசினார். அவர் பொல்லாதவர் இல்லை, அத்தை மேல் உயிரையே வைத்திருந்தவர். பரிவாகத்தான் சொன்னார்.

“கறை போயிரும்மா. காலங்காத்தால வேலைக்குக் கெளம்புறவன் உன் முகத்துல முழிச்சிட்டு இதுல ஏறுவானா? அத யோசிச்சியா?”

அத்தையின் கை நின்றுவிட்டது. பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. பெரியம்மா சொல்வது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

“அத்தை, முகத்துல சோப்பு இருக்கு,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை கையுறையைக் கழற்றி, புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப சரியா?”

“சரி.”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி இருக்கையைத் துடைக்கத் தொடங்கினார். இருட்டும்வரை நிமிரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாசேக் கெலுகோர் ஆள் வந்தார். காரில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தார், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போதே ஓட்டிப் போகத் தயார் என்றார். அத்தை பெரியப்பாவைப் பார்த்து, “விக்கலண்ணே,” என்றார், அவ்வளவுதான். தான் சொன்ன சொல்லே குறுக்கே நிற்க, பெரியப்பா அந்த மனிதரை நாசி கண்டார் சோறு சாப்பிட அழைத்துப் போய்ச் சமாதானம் செய்து அனுப்பிவைத்தார்.

வாடகைக்கு ஓட்டுவதற்கான லைசென்ஸ் கைக்கு வர மேலும் சில வாரங்கள் ஆயின. முதல் நாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் கிளம்பும்வரை அத்தை என் அறையை விட்டு வெளியே வர மாட்டார். விழித்தபடியே படுத்திருப்பார். கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் போர்வையை மடிப்பார். அவரை மட்டும் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லையே என்று எனக்கு உள்ளூரப் பொறாமை.

அன்றும் அப்படித்தான். சட்டை மாற்றி, தலை வாரி, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, மூடிய கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“கெளம்பிட்டியா?” அப்பாவின் குரல்.

“நீங்க மொதல்ல போங்கண்ணே. நான் அப்புறமா வர்றேன்.”

“நான் மோட்டார எடுக்கல. உன் காடியிலதான் போறேன். வெளிய வா.”

அத்தை தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அப்பா வேலைக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் தாம்தூம் என்று குதிப்பவர். அன்று கதவுக்கு அந்தப் பக்கம் பேசாமல் காத்திருந்தார். கடைசியில் அத்தை கதவைத் திறந்தார். தலை குனிந்திருந்தது. அது நிமிரும்வரை அப்பா நகரவில்லை. நிமிர்ந்ததும் அவர் முகத்தை நேராக, நன்றாகப் பார்த்துவிட்டு, “வா, போலாம்,” என்று சொல்லி முன்னால் நடந்தார்.

நான் எழுந்து ஓடிப்போய்ச் சன்னல் வழியே பார்த்தேன். வெள்ளைக் கார் வாயிலைத் தாண்டிப் பெரிய சாலைக்குத் திரும்பியது. சமையலறையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்பாவின் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நான் புரிந்துகொண்டிருந்தேன். மோட்டார் பழுதானதற்கெல்லாம் யாராவது இப்படி அழுவார்களா, கடையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அம்மாவின் தோளைத் தட்டித் தேற்றினேன்.